ஃப்ளைட் மோட் போடாவிட்டால் நிஜமாகவே என்ன ஆகும்?

#1 கேள்விப்பிள்ளை

வணக்கம். போன வாரம் விமானத்தில் இருந்து இறங்கிய பிறகுதான் பார்த்தேன், பையில் கிடந்த இரண்டாவது போன் வழி முழுக்க ஆனிலேயே இருந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. இருநூறு பேர் ஏறும் விமானத்தில் என்னைப் போல் பத்துப் பேராவது மறந்திருப்பார்கள். அது அவ்வளவு ஆபத்து என்றால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா? தண்ணீர் பாட்டிலையே விடாதவர்கள் ஆயிற்றே! விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகராமன்

சம்பிரதாயம்தான். போனால் விழுந்தது என்று நிரூபிக்கப்பட்ட ஒரே ஒரு விபத்தைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

#3 பழைய ஆன்டெனா

சந்தேகராமன் சொல்வதில் பாதி சரி. அப்படி நிரூபிக்கப்பட்ட பயணிகள் விமான விபத்து எதுவும் நான் அறிந்து இல்லை. ஆனால் சம்பிரதாயம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பணிமனையில் ரேடியோப் பெட்டிகளைத் திறந்து மூடியவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தத் தடையின் கதை கைபேசியில் தொடங்கவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் விமானத்துக்குள் கையடக்க எஃப்எம் ரேடியோ கேட்கத் தடை வந்துவிட்டது. கேட்கிற பெட்டிதானே, அது எதையும் ஒலிபரப்பவில்லையே என்று தோன்றும். ஆனால் ஒலிபரப்பும். ஒவ்வொரு எஃப்எம் ரேடியோவுக்குள்ளும் லோக்கல் ஆசிலேட்டர் என்று ஒரு குட்டி அலையாக்கி உண்டு. நீங்கள் கேட்கும் நிலையத்தைவிட வழக்கமாக 10.7 மெகாஹெர்ட்ஸ் மேலே அது ஓடும். 99.4-இல் பாட்டுக் கேட்டால் பெட்டிக்குள் 110.1 பிறக்கிறது. கவசம் சரியில்லாத பெட்டியாக இருந்தால் அது வெளியே கசியும்.

இப்போது விமானத்தின் பக்கம் வாருங்கள். வழிகாட்டும் விஓஆர் நிலையங்களும், ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவரும் ஐஎல்எஸ் லோக்கலைசரும் 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. அந்த 110.1 லோக்கலைசருக்கென்றே ஒதுக்கிய எண்களில் ஒன்று. தரையில் இருந்து பல கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய சிக்னலும், ஆன்டெனாவுக்குச் சில மீட்டர் தள்ளி ஜன்னலோர இருக்கையில் இருந்து கசியும் சிக்னலும் ஒரே எண்ணில் வந்தால் ரிசீவர் என்ன செய்யும், பாவம்?

#4 கேள்விப்பிள்ளை

அருமை ஐயா! பாட்டுக் கேட்கும் பெட்டியே குற்றவாளி என்று நினைத்தே பார்த்ததில்லை. லோக்கலைசர் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

#5 வால்காற்று

ஒரு வரியில் முடியாது, மூன்று வரியில் முடியும். ஓடுபாதையின் கடைசியில் உள்ள ஆன்டெனா வரிசை ஒரே அலையில் இரண்டு தொனிகளை ஏற்றி அனுப்புகிறது: 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ். இறங்க வரும் நமக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் 90 ஓங்கும், வலப்பக்கம் ஒதுங்கினால் 150 ஓங்கும். இரண்டும் சமமாக இருந்தால் நடுக்கோட்டில் இருக்கிறோம். அந்த வித்தியாசத்தை மட்டும் பார்த்துத்தான் ஊசி அசைகிறது.

நான் சரக்கு விமானம் ஓட்டுகிறவன். பழைய 2ஜி போன்கள் இருந்த காலத்தில் ஹெட்செட்டில் 'தட்-தட்-தட், ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த போன்கள் தொடர்ந்து அலை அனுப்பாமல் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும், 900 மெகாஹெர்ட்ஸில் உச்சம் 2 வாட் வரை. ஹெட்செட் வயரே ஆன்டெனாவாகி அந்தத் துடிப்பைக் காதுக்குக் கொண்டுவந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி பயணி இல்லை, எங்கள் சட்டைப் பையில் இருந்த போன்தான். வெட்கத்தோடு சொல்கிறேன்.

#6 சந்தேகராமன்

சரி, காதில் சத்தம். எரிச்சல். இதில் ஆபத்து எங்கே?

#7 வால்காற்று

கட்டுப்பாட்டாளர் உயரத்தைச் சொல்கிற அதே நொடியில் அந்தச் சத்தம் வந்தால் ஏழாயிரமா எட்டாயிரமா என்று திரும்பக் கேட்க வேண்டும். கேட்பதற்குள் அலைவரிசையில் இன்னொருவர் பேசத் தொடங்கியிருப்பார். மேகத்துக்குள், மலை அருகில், இறங்குகிற நேரத்தில் இதை யோசித்துப் பாருங்கள். விபத்து எப்போதும் ஒரே காரணத்தோடு வருவதில்லை சார்.

#8 ஓம்விதி

நான் மின்காந்த இடையூறு சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஹாம் ரேடியோ பொழுதுபோக்கும் உண்டு. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முதலாவது, சோதனை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2003-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில், கைபேசி அலைகளை நேரடியாகக் கருவிகள் மேல் செலுத்தியபோது திசைகாட்டி உறைந்து நின்றது, விஓஆர் காட்டிய திசை விலகியது, ஆடியோவில் இரைச்சல் ஏறியது என்றெல்லாம் இருந்தது. ஆனால் அவை பழைய தரத்தில் செய்யப்பட்ட கருவிகள். இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், பொய் என்றும் ஒதுக்க வேண்டாம்.

இரண்டாவது, இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம். போயிங் 737, 777 விமானங்களில் இருந்த ஒரு ரக விமானி அறைத் திரை, விமானத்துக்குள் வைஃபை பொருத்திச் சோதித்தபோது வெறுமையாகிப் போனது. பறக்கும்போது யாருக்கும் நடக்கவில்லை. சோதனையில் காட்டிய சக்தி அதிகம். ஆனாலும் அமெரிக்காவின் விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ 2014-இல் உத்தரவு போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களில் அந்தத் திரைகளை மாற்றச் சொன்னது. திரை தயாரித்தவருக்குக்கூட அந்தப் பலவீனம் முன்கூட்டித் தெரியவில்லை, கவனியுங்கள்.

புதிய விமானங்கள் எல்லாம் இதற்கென்று கடுமையாகச் சோதிக்கப்பட்டுத்தான் வருகின்றன. அதனால்தான் 2013 அக்டோபர் 31 அன்று எஃப்ஏஏ, ஃப்ளைட் மோடில் வைத்தால் புறப்பாடு முதல் இறக்கம் வரை கருவிகளைப் பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது. ஐரோப்பாவும் அதே ஆண்டு இறுதியில் பின்தொடர்ந்தது.

#9 சந்தேகராமன்

அப்படியானால் ஃப்ளைட் மோட் மட்டும் எதற்கு மிச்சம்? அதையும் எடுத்துவிடலாமே.

#10 ஓம்விதி

அமெரிக்காவில் பறக்கும் விமானத்தில் செல்பேசி கூடாது என்று 1991-இல் தடை போட்டது எஃப்ஏஏ இல்லை, தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி. காரணம் தரையில் இருக்கிறது. பத்தாயிரம் மீட்டர் மேலே இருக்கும் போனுக்கு ஒரே நேரத்தில் ஏராளமான கோபுரங்கள் கண்ணில் படும். தரையில் நடப்பவர் இரண்டு மூன்று கோபுரங்களோடு பேசுவார் என்று எண்ணி வடிவமைத்த வலைப்பின்னல் அது.

இன்னொன்று, கோபுரம் கிடைக்காத போன் சும்மா இருக்காது. தன் முழு சக்தியையும் போட்டுக் கத்தித் தேடும். பேட்டரி சீக்கிரம் இறங்குவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சில விமானங்களில் உள்ளேயே ஒரு குட்டிக் கோபுரம் வைத்து போனை அனுமதிக்கிறார்கள் அல்லவா, அதன் சூட்சுமம் இதுதான். பக்கத்திலேயே கோபுரம் இருப்பதால் போன் முணுமுணுத்தால் போதும்.

#11 பழைய ஆன்டெனா

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பயணியின் போனையே எல்லாரும் பிடித்துத் தொங்குகிறோம். எங்கள் பணிமனைக்கு வந்த இடையூறு புகார்களில் பெரும்பகுதி விமானத்துக்கு வெளியே இருந்து வந்தவை.

எஃப்எம் ஒலிபரப்பு 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, லோக்கலைசர் அதே 108-இல் தொடங்குகிறது. நடுவில் வேலியே இல்லை. ஒரு பக்கம் பல ஆயிரம் வாட், மறுபக்கம் சில வாட். போதாக்குறைக்கு, இரண்டு வலுவான நிலையங்கள் ரிசீவருக்குள் ஒன்றோடொன்று கலந்து மூன்றாவதாக ஒரு பிள்ளை பெறும். 107.1-ஐ இரட்டித்து 104.1-ஐக் கழித்துப் பாருங்கள். 110.1! அந்த எண்ணில் வெளியே யாருமே ஒலிபரப்பவில்லை, ஆனால் ரிசீவர் கேட்கிறது. எந்த நிலையத்தைக் குற்றம் சொல்வது? இரண்டும் உரிமத்துக்குள்தான் இயங்குகின்றன. கடைசியில் விமானத்தில் இருக்கும் ரிசீவரைத்தான் இதைத் தாங்குகிற மாதிரி மாற்றச் சொன்னார்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோ 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தரத்தைக் கட்டாயமாக்கியது.

கேபிள் டிவியும் சேர்த்தி. வயருக்குள் ஓடும் சேனல்களில் சில விமான அலைவரிசையிலேயே ஓடும். வயர் நன்றாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, இணைப்புகள் தளர்ந்தால் ஊரே ஆன்டெனா. அமெரிக்காவில் 1990 முதல் இந்தக் கசிவுக்கு மொத்த அளவு வரம்பே வைத்திருக்கிறார்கள்.

#12 கோபுரவாசி

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நான் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவள். எங்களைப் பொறுத்தவரை தினசரித் தொல்லை எது தெரியுமா? யாரோ ஒரு விமானியின் பேசும் பொத்தான் மாட்டிக்கொள்வது. அவருக்கே தெரியாது. அவர் அறையின் காற்றுச் சத்தமும் சாப்பாட்டுப் பேச்சும் அலைவரிசை முழுக்க. மற்ற எவரும் பேச முடியாது. எந்த எதிரி நாடும் வேண்டாம்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வரும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையம். மூடுபனி. புறப்படத் தொடங்கியிருந்த கேஎல்எம் 747-க்குக் கோபுரம் 'காத்திருங்கள், அழைக்கிறேன்' என்கிறது. அதே நேரத்தில், ஓடுபாதையில் எதிரே இருந்த பான் ஆம் 747 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு பேச்சும் அலைவரிசையில் மோதி, கேஎல்எம் விமானி அறையில் 'ஓகே' என்ற சொல்லும் தொடர்ந்து சில நொடிக் கீச்சொலியும்தான் கேட்டன. பிறகு விமானங்களே மோதின, 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் வேறு பலவும் உண்டு, ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களில் ஏதாவது ஒன்று முழுசாகக் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இந்த வேலையில் யாரும் இருக்க முடியாது.

#13 சந்தேகராமன்

இது எனக்குத் தெரியாது. நன்றி. ஆனால் விமானப் பேச்சுக்கு இந்தக் காலத்திலும் ஏன் ஏஎம்? எஃப்எம் ஆக்கினால் சத்தம் தெளிவாக இருக்குமே.

#14 ஓம்விதி

எஃப்எம்மில் வலுவான சிக்னல் மெலிந்ததை முழுசாக விழுங்கிவிடும். மெலிந்தவர் பேசியதற்கான தடயமே இருக்காது. ஏஎம்மில் கீச்சொலியாவது வருகிறது, இன்னொருவர் பேசினார் என்றாவது தெரிகிறது. அபாய அழைப்பு விடுக்கும் தூரத்து விமானத்தை அருகில் இருப்பவர் அப்படியே மறைத்துவிடக் கூடாது.

#15 பழைய ஆன்டெனா

அது உண்மைதான் தம்பி, ஆனால் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் அழகுபடுத்துகிறோம். உலகத்தில் உள்ள எல்லா விமானமும் எல்லா கோபுரமும் ஒரே நாளில் பெட்டியை மாற்ற முடியாது. அதுவே முதல் காரணம். ஐரோப்பாவில் சேனல் போதாமல் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை 8.33 ஆகக் குறுக்கினார்கள். அந்தச் சின்ன மாற்றத்துக்கே எத்தனை வருடம் ஆனது!

#16 வால்காற்று

இப்போதைய தலைவலிக்கு வருவோம். ஜிபிஎஸ்.

இருபதாயிரம் கிலோமீட்டர் மேலே இருந்து வரும் அந்த சிக்னல் தரைக்கு வரும்போது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கிறது. ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே. கணக்குப் போட்டுத்தான் தோண்டி எடுக்கிறார்கள். இதை மூழ்கடிக்கப் பெரிய ராணுவம் தேவையில்லை. அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தில் ஜிபிஎஸ் துணைக் கருவி அடிக்கடி தடுமாறியது. தேடிப்போனால், பக்கத்துச் சாலையில் போகும் வண்டிகள்! முதலாளி தன்னைப் பின்தொடரக் கூடாது என்று ஓட்டுநர் சிகரெட் லைட்டர் துளையில் ஒரு ஜாமரைச் செருகியிருப்பார். 2012-இல் பிடிபட்ட ஒருவருக்கு 31,875 டாலர் அபராதம் விதித்தார்கள்.

அது ஜாமிங், அதாவது காதை அடைப்பது. அதைவிட மோசம் ஸ்பூஃபிங், பொய் சொல்வது. ஜாமிங் என்றால் திரையில் 'ஜிபிஎஸ் இல்லை' என்று வரும், நமக்குத் தெரியும். ஸ்பூஃபிங்கில் கருவி முழு நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும். 2023 செப்டம்பர் முதல் மத்தியக் கிழக்கு வான்வெளியில் இது பெருகியது. கடிகாரம் பின்னோக்கி ஓடும். சமமான உயரத்தில் நிம்மதியாகப் பறக்கும்போது தரை எச்சரிக்கைக் கருவி 'மேலே இழு, மேலே இழு' என்று அலறும், ஏனென்றால் பொய்யான இடத்தில் மலை இருக்கிறது! இதில் எனக்குப் பயம் தருவது ஒன்றுதான். பொய் எச்சரிக்கைக்குப் பழகிவிட்ட விமானி, ஒருநாள் உண்மையான எச்சரிக்கையையும் 'வழக்கமானதுதான்' என்று கடந்துவிடுவாரோ என்பது.

#17 கேள்விப்பிள்ளை

படிக்கவே வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் நீங்கள் எதை நம்பி ஓட்டுகிறீர்கள்?

#18 வால்காற்று

வெளியே இருந்து எதையும் கேட்காத இனர்ஷியல் கருவி இருக்கிறது. முடுக்கத்தையும் திரும்பலையும் அளந்து தானே கணக்குப் போடும். மணிக்கு ஓரிரு கடல்மைல் வரை நகரலாம், ஆனால் பொய் சொல்லாது. (சில விமானங்களில் அது ஜிபிஎஸ்ஸோடு கலந்து ஓடுவதால் அதுவும் கெட்டுப்போவது தனிக் கதை.) தரையில் இருக்கும் டிஎம்இ நிலையங்களில் இருந்து தூரம் கேட்டு இடத்தைக் கணக்கிடலாம். ஐஎல்எஸ் இருக்கிறது. அப்புறம் ஜன்னல்.

ஆனால் பழையவற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிய இடங்களில் சிக்கல். 2024 ஏப்ரலில் எஸ்டோனியாவின் டார்டு நகருக்குப் போன இரண்டு ஃபின்ஏர் விமானங்கள் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. அங்கே இறங்கும் முறைகள் ஜிபிஎஸ்ஸை நம்பி இருந்தன. ஒரு மாதம் சேவையையே நிறுத்தி, டிஎம்இ-யை வைத்து இறங்கும் முறையை ஏற்படுத்திய பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். பழைய தொழில்நுட்பம் என்று கேலி செய்த பெட்டிதான் காப்பாற்றியது. பழைய ஆன்டெனா ஐயா மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.

#19 நிழல்மேகம்

5ஜி-யால் 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துருக்கி விமானம் விழுந்ததே, அதை யாரும் சொல்லவில்லையே?

#20 ஓம்விதி

நண்பரே, இரண்டு செய்தியைச் சேர்த்துக் குழப்புகிறீர்கள். 2009-இல் 5ஜி எங்கே இருந்தது?

2009 பிப்ரவரி 25 விபத்தில் இடப்பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் (அலை அனுப்பித் தரையில் இருந்து உயரத்தை அளக்கும் கருவி) பழுதாகி, விமானம் ஏறத்தாழ 2000 அடியில் இருக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று நம்பிய ஆட்டோத்ராட்டில், அதாவது என்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி, என்ஜினை அடக்கிவிட்டது. வேகம் குறைந்ததை விமானிகள் நேரத்தில் கவனிக்கவில்லை. 9 பேர் இறந்தார்கள். போனோ வெளி அலையோ காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை.

ஆனால் 5ஜி சர்ச்சையில் இதைப் பலர் நினைவுபடுத்தியதற்குக் காரணம் உண்டு. ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்காவில் 5ஜி-க்கு 3.7 முதல் 3.98 வரை ஏலம் விட்டார்கள். இடைவெளி 220 மெகாஹெர்ட்ஸ். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாத காலத்தில் வடிவமைத்த பழைய ஆல்டிமீட்டர்களில் ஃபில்டர் சுமார்தான், கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிய மாதிரி. 2022 ஜனவரி 19 அன்று சேவை தொடங்கும் முன், விமான நிலையங்களுக்கு அருகே இருந்த 5ஜி கோபுரங்களை இயக்காமல் நிறுத்திவைத்தார்கள். அன்று சில நிறுவனங்கள் 777 விமானங்களை அனுப்பவே இல்லை. பிறகு ஆல்டிமீட்டர்களில் ஃபில்டர் சேர்த்து, 2023 நடுவில்தான் ஓரளவு அடங்கியது. ஐரோப்பாவில் 5ஜி பெரும்பாலும் 3.8-க்குள் நின்றுவிட்டதால் அங்கே இவ்வளவு கூச்சல் இல்லை.

என் கருத்து: அலைக்கற்றையை விற்றவர்களும் விமானத்துறையும் முன்கூட்டியே ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம்.

#21 கோபுரவாசி

அலையே அனுப்பாமல் இடையூறு செய்யலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2011 நவம்பர் 3, மியூனிக். ஒரு 777 ஆட்டோலேண்டில், அதாவது தானியங்கி ஓட்ட, இறங்குகிறது. அதே ஓடுபாதையில் இருந்து அதற்கு முன்னால் ஒரு சிறிய ஜெட் புறப்பட்டு, லோக்கலைசர் ஆன்டெனாவுக்கு மேலே கடந்துபோகிறது. அதன் உலோக உடம்பு சிக்னலை வளைத்துவிட, தானியங்கி அதை நம்பி 777-ஐ இடப்பக்கம் திருப்பியது. புல்வெளிக்குள் போய், ஓடுபாதையைக் குறுக்கே தாண்டி, வலப்பக்கம் நின்றது. யாருக்கும் காயமில்லை.

பார்வை மோசமாக இருக்கும் நாட்களில் அந்தப் பகுதியைக் காலியாக வைப்போம், புறப்பாடுகளுக்கு இடைவெளி கூட்டுவோம். அன்று வானிலை அந்த அளவுக்கு மோசம் இல்லை, அதனால் அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் இல்லை. ஆட்டோலேண்ட் பயிற்சிக்குப் போடுகிற விமானிகள் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. வால்காற்று, இது உங்களுக்கும்தான்!

#22 வால்காற்று

சொல்லிவிடுகிறேன் அம்மா, சத்தியமாக.

#23 ஓம்விதி

சூரியனை விட்டுவிட்டோம். 2015 நவம்பர் 4 அன்று சூரியனில் இருந்து வந்த ரேடியோ வெடிப்பு ஸ்வீடனின் இரண்டாம்நிலை ரேடார்களை (விமானத்திடம் கேட்டுப் பதில் வாங்குபவை) குழப்பி, அங்கே புறப்பாடுகளை நிறுத்திவைத்தார்கள். சூரியன் கீழ்வானத்தில், ரேடார் ஆன்டெனாவுக்கு நேரே இருந்த நேரம். யாருக்கு அபராதம் போடுவது?

#24 இருஇருக்கை

இழை முழுவதையும் படித்தேன். எனக்கு உடனடி உதவி வேண்டும். சின்ன இரண்டு இருக்கை விமானம் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக விஎச்எஃப் ரேடியோவில் ஸ்குவெல்ச் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு) தானாகத் திறந்து 'ஷ்ஷ்ஷ்' என்று கொட்டுகிறது. 121 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மோசம், 130-க்கு மேல் பரவாயில்லை. ஆன்டெனாவை மாற்றிவிட்டேன், பயனில்லை. ரேடியோவை விற்ற நிறுவனம் பெட்டியை அனுப்பச் சொல்கிறது.

#25 பழைய ஆன்டெனா

பெட்டியை அனுப்பாதீர்கள். ஒரு மாதத்துக்கு முன் புதிதாக என்ன பொருத்தினீர்கள்? எல்இடி விளக்கு? யுஎஸ்பி சார்ஜர்? கேமரா?

#26 இருஇருக்கை

டேப்லெட்டுக்காக ஒரு யுஎஸ்பி சார்ஜர். இறக்கை விளக்கையும் எல்இடி ஆக்கினேன், ஆனால் அது ஆறு மாதத்துக்கு முன்பு.

#27 பழைய ஆன்டெனா

சார்ஜர்தான் என்று தோன்றுகிறது. மின்னழுத்தத்தைக் குறைக்க உள்ளே ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. அதன் மடங்குகள் மேலே மேலே ஏறி விமான அலைவரிசை வரை வரும். விற்பனைக்கு வருபவை வீட்டுக்கும் காருக்கும் செய்தவை, ஒரு மீட்டர் தள்ளி விஎச்எஃப் ஆன்டெனா இருக்கும் என்று செய்தவர் நினைத்திருக்க மாட்டார்.

தரையில் என்ஜினை அணைத்து, ரேடியோவை மட்டும் போட்டு 121 பக்கம் வையுங்கள். சத்தம் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் அதுதான். நிற்காவிட்டால் விளக்கை அணையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஒவ்வொரு பிரேக்கராக இழுங்கள். டேப்லெட் வயரையும் மறக்காமல் கழற்றுங்கள், சார்ஜர் சும்மா இருந்தாலும் வயர் ஆன்டெனா வேலை பார்க்கும்.

#28 இருஇருக்கை

இப்போதுதான் ஹாங்கரில் இருந்து வருகிறேன். சார்ஜரைப் பிடுங்கியதும் பாதி சத்தம் போனது. இடப்பக்க விளக்கை அணைத்ததும் மீதியும் போனது. இரண்டுமே!

#29 பழைய ஆன்டெனா

சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். விளக்குக்கு வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பச் சோதியுங்கள். ஆறு மாதத்தில் எர்த் துருப்பிடித்திருக்கும். அதனால்தான் முதலில் உங்களுக்குத் தெரியவில்லை.

#30 கேள்விப்பிள்ளை

இனிமேல் இரண்டாவது போனையும் அணைத்துவிடுகிறேன். சந்தேகராமன், நீங்கள்?

#31 சந்தேகராமன்

அணைப்பேன். பேட்டரிக்காக.